முதல் வயல் மட்டும்

ஜன. 19, திங்கள்

பனி. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் கண்டக்டர் குரலில், "டிக்கெட் எடுக்காதவங்கல்லாம் எறங்குங்க" என்றேன். பஸ் இன்னும் வரவே இல்லை. இரண்டு பேர் பாக்கெட்டைத் தடவினார்கள். நாள் நன்றாகத் தொடங்கியது.

பாலிடெக்னிக்கில் புராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் நாள். எல்லாரும் ஹாஸ்டல் ஆப், லைப்ரரி ஆப். நான் கேட்டது சீனியர் அக்காக்கள் பாதியில் விட்டுப்போன மாவுமில்.

மாவுமில் என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மையில் அது ஒரு எக்ஸ்எஸ்எல்டி பிராசசர். ஒரு வாயில் எக்ஸ்எம்எல் ஃபைலைக் கொட்டினால், நாம் எழுதிக் கொடுத்த விதிப்படி உருமாற்றி, மறு வாயில் அட்டவணையாகத் தள்ளும். நன்றாகத்தான் அரைக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் கையை விட்டு, "இதில் சர்வே எண் எங்கே?" என்று துழாவத் தெரியாது. அதற்கு ரீஜெக்ஸ் வேண்டும்: இன்ன வடிவில் எழுத்து வருகிறதா என்று தேடும் வித்தை. மாவுமில்லின் பழைய விதிகளில் ரீஜெக்ஸ் கிடையாது. வேண்டுமென்றால் நாமே ஃபங்ஷன் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்க்கப்போவது:

டெஸ்ட் – இருக்கா, இல்லையா.
மேட்ச் – இருப்பதை எடுத்துக் கொடு.
ரீப்ளேஸ் – அதை எடுத்துவிட்டு வேறு வை.

(வைவாவில் இதையேதான் சொல்ல வேண்டும். மாவுமில் என்ற சொல் மட்டும் வாயில் வராமல்.)

ஹெச்ஓடி மேடம்: "இது யாருக்கும்மா யூஸ் ஆகும்?"

"எங்கம்மாவுக்கு மேடம்."

கிளாஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அபூர்வம்.

அம்மா ஏன் என்றால்: உழவர் குழுவில் இந்த வருஷம் அறுப்பு வண்டி முறை அம்மாவின் பொறுப்பு. யார் வயலுக்கு அப்புறம் யார் வயல் என்று வரிசை போட வேண்டும். எங்கள் கீழத்தெருவிலிருந்து இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆள் அம்மாதான். தாத்தா இதே வயல்களில் கூலிக்கு அறுத்தவர். அம்மா இப்போது வண்டிக்கே வழி சொல்கிறாள்.

எல்லாரும் அம்மா போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவார்கள், இன்ன எண் வயல் தயார் என்று. வாட்ஸ்அப் கூடாது. குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவே வயல் தொலைந்துபோகிறது என்பது அம்மாவின் கட்சி. சாயங்காலம் முழுக்கக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறாள். போனில் இருக்கும் பேக்கப் ஆப் அத்தனை எஸ்எம்எஸையும் எக்ஸ்எம்எல்லாகக் கொடுத்துவிடும். அதை மாவுமில்லில் கொட்டினால் பட்டியல்.

"நான் போட்டுத் தரேம்மா லிஸ்ட்ட."

"நீ போட்டா அதுல என்ன வில்லங்கம் இருக்குன்னு நான் ஒரு தடவ படிக்கணும். அதுக்கு நானே எழுதிட்டுப் போறேன்."

ஆனால் யோசிக்கிறாள். கண் வலிக்கிறது அவளுக்கு. குழுக் கூட்டத்தில் வேறு சிலர் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு வயல் விட்டுப்போனாலும் அடுத்த வருஷம் முறையை ஏஜென்ட் முருகையனிடமே கொடுத்துவிடலாம் என்று. வண்டியை வாடகைக்கு வரவழைப்பவர் அவர். அவர் கைக்குப் போனால் ரோட்டோர வயலும் பெரிய வயலும்தான் முதலில். உள்ளே இருக்கும் சின்ன வயல்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். போன வருஷம் நின்றன.

ஆகவே, விட்டுப்போகக் கூடாது. ஒரு வயல்கூட.

ஜன. 20, செவ்வாய்

பனி குறைவு. சளி அதிகம்.

இன்று டெஸ்ட். மாவுமில் தன் ஃபங்ஷன்களை எங்கே தேடுகிறது என்று கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வெளியிலிருந்து சேர்க்கும் ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அடைமொழி வேண்டும், அது எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்ட. தெருவில் புது முகத்தைப் பார்த்தால் "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார்களே, அதேதான். வீடு தெரியாவிட்டால் உள்ளே விடாது. "இப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்று சிவப்பு எழுத்தில் துரத்தியது. வீட்டைப் பதிவு செய்தேன். வாசலைத் திறந்தது.

"சாப்ட்டீங்களா அக்கா" என்ற எஸ்எம்எஸுக்கு ஃபால்ஸ்.
"112/3 நாளைக்கு ரெடி" என்ற எஸ்எம்எஸுக்கு ட்ரூ.

எண், சாய்கோடு, எண். பின்னால் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அதுதான் நான் எழுதிய பேட்டர்ன். எங்கள் ஊர் வயல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

பக்கத்து சிஸ்டம் நவாஸ். அதிராம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவன். என் கோடில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் வருகிறான் என்று நினைக்கிறேன்.

"என்னடி, டெஸ்ட்ட டெஸ்ட் பண்ணிட்டியா?"

"நீ மொதல்ல உன் மீசைய டெஸ்ட் பண்ணு. எனக்கு ஃபால்ஸ்னு வருது."

கடைசி பெஞ்ச் வரை கேட்டது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் கோடில் ஒரு அடைப்புக்குறி மூடவில்லை என்று காட்டினான். பாவி.

ஜன. 21, புதன்

ரீப்ளேஸ். எனக்காகவே பிறந்த ஃபங்ஷன். ஒன்றை எடுத்துவிட்டு அங்கே வேறொன்றை வைப்பதைத்தான் நான் பால்வாடியிலிருந்து செய்துவருகிறேன்.

சோதனைக்காக, "முருகையன்" வரும் இடமெல்லாம் "முறைப்பையன்". ஏஜென்ட் எப்போதும் முறைத்துக்கொண்டேதான் இருப்பார். எனவே உண்மைக்கு மாறாக ஒன்றும் இல்லை. சேற்றில் ஓட டயருக்குப் பதில் பெல்ட் போட்ட அறுப்பு வண்டிதான் "பெல்ட் வண்டி"; அது வரும் இடமெல்லாம் "பெல்ட்டடி". அற்புதமாக வேலை செய்தது. பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அதுதான் தப்பு. மாதிரிப் பட்டியல் என்று நினைத்து அம்மா அதை எடுத்துப்போய்க் குழு ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டாள். படிக்காமல். மகள் செய்தது என்ற பெருமையில்.

சாயங்காலம் வாசலில் பைக் நின்றது.

"அக்கா, முறைப்பையன் வந்திருக்கேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

அவர் முறைக்கவில்லை. சிரித்தார். "பேரு மாறுனா பரவால்லக்கா. சின்னப் புள்ள. வயலு மாறிடாம பாத்துக்கங்க. மாறிடுச்சுன்னா அப்பறம் குழுவுல நான் பேச வேண்டியிருக்கும்."

அவர் போனதும் அம்மா சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். திட்டு வருமென்று காத்திருந்தேன்.

"அவன் சிரிச்சத பாத்தீல்ல? அந்தச் சிரிப்ப நீதான் அவனுக்கு வாங்கிக் குடுத்த."

அவ்வளவுதான்.

தீர்மானம்: பட்டியல் முடியும்வரை சேட்டைக்கு விடுமுறை. (கண்டக்டர் குரல் மட்டும் விதிவிலக்கு.) சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இருந்ததைக் கிழித்தேன். பசை நன்றாகப் போட்டிருக்கிறாள் அம்மா. "டடி" மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜன. 22, வியாழன்

மேட்ச். மூன்றில் இதுதான் கடினம். இருக்கு, இல்லை என்று தலையாட்டினால் போதாது. கிடைத்ததைப் பிய்த்து எடுத்து, மாவுமில் மறுபடி தின்னும்படி குட்டி எக்ஸ்எம்எல்லாகக் கட்டித் தர வேண்டும். கட்டினேன். அவிழ்ந்தது. மறுபடி கட்டினேன். வைக்கோல் கட்டுவது சுலபம். வைக்கோல் "டைப் எரர்" என்று பதில் சொல்லாது.

நடுவில் ஒரு கூத்து. மேலத்தெரு வரதன் மாமா அனுப்பியிருந்தது: "10/2 பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள 127/4 அறுத்துக் குடுங்க." என் மேட்ச் தேதியை வயல் என்று நினைத்துக் கல்யாணத்தை வண்டி விட்டு அறுக்கப் பார்த்தது. எங்கள் ஊர் சர்வே எண் எல்லாம் மூன்று இலக்கம். சாய்கோட்டுக்கு முன்னால் மூன்று இலக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று பேட்டர்னை இறுக்கினேன். கல்யாணம் தப்பியது.

சாயங்காலம் மொத்த எக்ஸ்எம்எல்லையும் கொட்டினேன். அம்மா காபியை ஆற்றி முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பெயர், எண், எந்த வாய்க்கால் ஓரம், எல்லாம். அம்மா மேலேயிருந்து நாலைந்து பெயரைப் போனில் வைத்துப் பார்த்தாள். சரி. சரி. சரி.

"பரவால்லடி."

அம்மா வாயில் இது தங்கப் பதக்கம்.

எங்கள் வயலை மட்டும் பேனாவால் கடைசியில் எழுதிச் சேர்த்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வரிசை போடறவங்க வயலு கடைசியிலதான் இருக்கணும். இல்லாட்டி எவன் நம்புவான்?"

"இதுக்கு முன்னாடி போட்டவங்களுக்கெல்லாம் இந்தச் சட்டம் தெரியாதாம்மா?"

"வாய மூடு." சிரித்துக்கொண்டே.

ஜன. 24, சனி

காலையில் வெயில். மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கம் மூட்டம்.

நவாஸ் போன்: "எங்க ஊர்ல போட்டெல்லாம் கரையேத்திட்டாங்க. கடலுக்குப் போவக் கூடாதாம். உங்க பக்கம் வண்டி எப்ப?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம மழடி."

டிவியிலும் அதேதான். அம்மா முருகையனோடு பேசி, செவ்வாய் வருவதாக இருந்த வண்டியைத் திங்களே வரச் சொல்லிவிட்டாள். ஒரே வண்டி, ஒரே வாட்டி. அதற்கு மேல் அது வேறு ஊருக்குப் போய்விடும். கதிர் எல்லாம் முற்றித் தலை தொங்கி நிற்கிறது. மழை அடித்தால் படுக்கும். படுத்துத் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைத்துவிடும்.

பட்டியல் முருகையனுக்குப் போயாயிற்று. எல்லார் போனுக்கும் போயாயிற்று. சுவரிலும் ஒட்டியாயிற்று. இந்த முறை அம்மா தலைப்பை இரண்டு தரம் படித்துவிட்டு ஒட்டினாள்.

ஊரே பயந்து கிடக்கிறது. எனக்கு மட்டும் பயமில்லை. என் பட்டியல் இருக்கிறதே.

ஜன. 25, ஞாயிறு

நேற்றைய கடைசி வரியை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும். பார்க்கும்போதெல்லாம் கூசட்டும்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கயலு! ஏ கயலு! எம்பேரு மட்டுந்தான் இருக்கு. என் தெரு எங்கடி போச்சு?"

பாக்கியம் அத்தை. எங்கள் தெருவின் கடைசி வீடு. கையில் போன், இடுப்பில் சாவிக்கொத்து. கீழத்தெரு வயல் கிட்டத்தட்ட அத்தனைக்கும் அத்தைதான் எஸ்எம்எஸ் அனுப்புவாள். ஆளுக்கொன்று இல்லை, மொத்தத்துக்கும் ஒன்று. எங்கள் தெருவில் அப்படித்தான். கூலிக்குப் போன காலத்திலும் ஒருத்தர் போய் எல்லாருக்குமாகப் பேசிவிட்டு வருவார்களாம். இப்போது வயல் சொந்தம். பழக்கம் அதே.

அத்தையின் எஸ்எம்எஸ்: "141/2 நானு 141/3 கோவிந்தன் 141/5 மலரு 142/1 பெரிய மலரு" என்று தெருக்கோடி வரை போகிறது. என் மேட்ச் 141/2ஐக் கண்டதும், கிடைத்துவிட்டது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டது. மேலத்தெருவில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு எஸ்எம்எஸ், பெரும்பாலும் ஆளுக்கொரு வயல். அதனால்தான் அம்மா சரிபார்த்ததெல்லாம் சரியாக இருந்தது. போனது எங்கள் தெரு. நான் பிறந்து வளர்ந்த தெருவின் பழக்கத்தை நானே என் ஃபங்ஷனுக்குச் சொல்லவில்லை.

அதோடு போகவில்லை. எங்கள் வயல்கள் உள்ளே இருக்கின்றன. வழி கிடையாது. முன் வயலை அறுத்து, அந்த அறுத்த தரை மேலேறித்தான் வண்டி அடுத்த வயலுக்குள் போகும். பட்டியலில் இல்லையென்றால் 141/2ஓடு திரும்பிவிடும்.

முருகையன் போன். ஸ்பீக்கரில் போட்டாள் அம்மா.

"அக்கா, லிஸ்ட்டு தப்புங்கறாங்களே? சாயங்காலத்துக்குள்ள சரியானது குடுங்க. இல்லாட்டி நான் என் வழக்கப்படி ரோட்டோரத்துலேர்ந்து வுட்டுர்றேன்."

அம்மா திட்டவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். பேனாவை எடுத்தாள். முதல் எஸ்எம்எஸிலிருந்து ஆரம்பித்தாள்.

"அம்மா, சாயங்காலத்துக்குள்ள நான் சரி பண்ணிடுவேன்."

"பண்ணு. நான் எழுதறத எழுதிக்கிட்டிருக்கேன்."

என்னை நம்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்தேன்.

மருந்து எனக்குத் தெரிந்ததுதான். ரீஜெக்ஸில் ஜி என்று ஒரு கொடி உண்டு. அதைப் பிடித்தால், முதலில் கிடைத்ததோடு நிற்காமல் கடைசிவரை தேடும். மரியாதையாக ஒரு ஜி போட்டுக் கூப்பிட்டால்தான் முழு வேலையும் செய்வேன் என்கிறது, பெரிய மனுஷன். டெஸ்ட்டுக்கும் போட்டேன், மேட்ச்சுக்கும் போட்டேன். கோடை அதற்கேற்ப மாற்றி ஓட்டினேன்.

கோவிந்தன் வந்தார். மலர் வந்தாள். பெரிய மலர் வந்தாள். தெருவே வந்தது. நான் போட்ட கத்தலில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

அத்தை கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. நான் எங்க?"

"இருப்பீங்க அத்தை, நல்லாப் பாருங்க."

"நேத்து நான் மட்டும் இருந்தேன். இன்னிக்கு நான் மட்டும் இல்ல. என்னடி கண்ணாமூச்சி காட்டற?"

மேலே தள்ளிப் பார்த்தேன். ஒரே ஒரு வயல் சொன்னவர்கள் ஒருவர்கூட இல்லை. மேலத்தெரு கிட்டத்தட்ட காலி. ஒவ்வொரு எஸ்எம்எஸிலும் முதல் எண் மட்டும் மாயம்.

அம்மா எழுதுவதை நிறுத்தாமலே, "சேட்டையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்லம்மா."

நிஜமாகவே தப்புச் செய்தால்கூட என்னை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நவாஸுக்கு போன் போட்டு ஃபைலை அனுப்பினேன். அவன் லேப்டாப்பிலும் அதேதான். கிண்டல் செய்யவில்லை. கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தான்.

"கயலு, மொதல்ல டெஸ்ட் ஓடுது. அப்பறம் மேட்ச். சரியா?"

"ஆமா. இருக்கான்னு கேட்டுட்டுத்தானே எடுக்கணும்?"

"ரெண்டுத்துக்கும் ஒரே பேட்டர்னத்தான் தூக்கிக் குடுக்கறியா?"

அங்கே விளங்கியது. வேகத்துக்காக நான் செய்த கெட்டிக்காரத்தனம் அது. பேட்டர்னை ஒரு தரம் தயாரித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்து நீட்டுவது. ஆனால் ஜி பிடித்த பேட்டர்ன், தான் கடைசியாகப் பார்த்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருக்கும். டெஸ்ட் வருகிறது, முதல் எண்ணைப் பார்க்கிறது, "இருக்கு" என்கிறது, விரலை அங்கேயே விட்டுப் போகிறது. அடுத்து மேட்ச் வருகிறது, விரலுக்கு அந்தப் பக்கம்தான் தேடுகிறது. முதல் எண் போச்சு. இருந்ததே ஒன்றென்றால் எல்லாம் போச்சு.

வண்டிக்கு டிரைவர் மாறுவதுபோல. பழைய ஆள் நிறுத்திய இடத்திலிருந்து புது ஆள் ஓட்டுகிறார். ஆனால் பழைய ஆள் அறுக்கவில்லை, சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். நடுவில் உள்ளது அப்படியே நிற்கிறது.

வேலையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் விரலை முதல் எழுத்துக்குக் கொண்டு வா. ஒரே வரி. மூன்று ஃபங்ஷனிலும் போட்டேன்.

ஓட்டினேன். அத்தை இருந்தாள். தெருவும் இருந்தது. மேலத்தெருவும் இருந்தது. கத்தவில்லை.

நவாஸ் விடவில்லை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்திவிடும் மாதிரி ஒரு பேட்டர்ன் அனுப்பி, "இத போட்டுப் பாரு" என்றான். மாவுமில் அப்படியே நின்றுவிட்டது. சேற்றில் இறங்கிய வண்டிபோல பெல்ட் மட்டும் சுற்றுகிறது, நகரவில்லை. வெறும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது, மறுபடி அதே வெறும் இடத்தை. கிடைத்தது வெறும் இடமென்றால் ஒரு எழுத்து தள்ளிப் போய்த் தேடு என்று இன்னொரு வரி. நகர்ந்தது.

"இன்னிக்குத்தான்டா நீ உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்க."

"எங்கயாவது எழுதி வெச்சுக்க."

எழுதிவிட்டேன்.

பிறகு சரிபார்ப்பு. நாலைந்து பெயர் இல்லை, மொத்தமும். அம்மா கையால் எழுதியதை வாசித்தாள். நான் என்னுடையதில் டிக் போட்டேன். அத்தை நடுவர்.

"மலையப்பன்," என்றாள் அம்மா.

என்னிடம் இல்லை.

எஸ்எம்எஸைத் திறந்து பார்த்தோம். "அக்கா பாக்கியத்து வயலுக்கு மேக்கால இருக்கறது நம்மளுது." எண்ணே கிடையாது. என் பேட்டர்னுக்கு அதுவும் ஒன்றுதான், "சாப்ட்டீங்களா அக்கா"வும் ஒன்றுதான்.

அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏன், நம்பர் சொன்னாத்தான் வயலா? ஊருக்கே தெரியும் அது மலையப்பன் வயலுன்னு."

ஊருக்குத் தெரியும். மாவுமில்லுக்குத் தெரியாது. எந்த ரீஜெக்ஸாலும் முடியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வைக்கலாம். இதுவரை எண் கிடைக்காததையெல்லாம் சத்தமில்லாமல் வீசிக்கொண்டிருந்தது. விதியில் ஒரு கிளை சேர்த்தேன்: எண் கிடைக்காத எதையும் வீசாதே. பட்டியலுக்குக் கீழே தனியாகக் கொட்டு. தலைப்பு, "அம்மா படிக்க வேண்டியவை". சாப்ட்டீங்களாக்கள் எல்லாம் வந்து குவியும். குவியட்டும். நடுவில் ஒரு மலையப்பன் இருப்பார்.

அம்மா கீழே குவிந்ததைப் படித்தாள். மலையப்பனை அவர் இடத்தில் சேர்த்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "வாய்க்கா தலைப்புல நம்ம வயலு ரெடிக்கா." வாய்க்கால் பிரியும் முனையில் வயல் வைத்திருக்கும் ஜெயராமன். அம்மா கையால் எழுதியதிலும் அவர் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சேட்டைக்கு விடுமுறை இன்னும் அமலில் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் புதுப் பட்டியல் முருகையனுக்குப் போனது.

ஜன. 26, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடி, மிட்டாய். வயலில் வண்டி. மூட்டம் தலைக்கு மேல்.

முருகையன் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயல் முடிந்ததும் எடுத்துப் பார்த்தார். தப்புத் தேடுகிற பார்வை. நான் வரப்பில் அவர் பின்னாலேயே நடந்தேன். பாம்புகூட அவ்வளவு கிட்டே வராது.

141/2 முடிந்தது. டிரைவர் திருப்பப் போனார். அத்தை வரப்பிலிருந்து ஒரு குரல்: "அண்ணே! இன்னும் ஒரு தெருவே பாக்கியிருக்கு! உள்ள வாங்க!" வண்டி அத்தை வயலின் மேலேறிக் கோவிந்தன் வயலுக்குள் இறங்கியது. அங்கிருந்து மலர். அங்கிருந்து பெரிய மலர். சின்னச் சின்ன வயல். திரும்பவே இடம் போதவில்லை. டிரைவர் முனகிக்கொண்டே ஓட்டினார். மேற்கே மலையப்பன், தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு.

விளக்குப் போடும் நேரத்துக்கு இன்னும் வாய்க்கால் தலைப்புப் பக்கம் பாக்கி. நாளைக்கு.

ஜன. 27, செவ்வாய்

காலையிலேயே காற்றில் மண் வாசனை. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயராமன் வயல் முடிந்தது. எங்கள் வயலுக்குள் இறங்கும்போது முதல் தூறல். நாலு சுற்று வந்திருக்கும். கொட்டிவிட்டது.

"இதுக்கு மேல வுட்டா பெல்ட்டு எறங்கிடும்க்கா," என்றார் முருகையன். "அப்பறம் வண்டியத் தூக்க வண்டி தேடணும்."

பாதி வயல் நின்றது. நின்றது என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்தது.

அம்மா முக்காடாகப் போட்டிருந்த சாக்கை இழுத்து விட்டுக்கொண்டாள். "மத்தவங்களுது எல்லாம் முடிஞ்சுதா தம்பி?"

முருகையன் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். நனைந்து மாவாகியிருந்தது. திரும்ப வைத்தார்.

"முடிஞ்சுதுக்கா. ஒண்ணும் வுட்டுப்போவல. கூட்டத்துல நான் பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"அப்பச் சரி," என்றாள் அம்மா.



ஜன. 29, வியாழன்

மழை விட்டது. வயலில் தண்ணீரை வடிய விட்டாயிற்று. படுத்ததை இன்றைக்கே கையால் அறுத்தாக வேண்டும். இன்னும் இரண்டு நாள் கிடந்தால் முளை. அம்மாவும் நானும் மட்டும் என்றால் ஒரு வாரம்.

விடிந்ததும் பாக்கியம் அத்தைக்கு எஸ்எம்எஸ் போட்டேன்: "அத்தை அரிவாளோட வாங்க."

தெருவே வந்தது. கோவிந்தன், மலர், பெரிய மலர், மலையப்பன், எல்லாரும். ஆளுக்கொரு அரிவாள். பெரிய மலர் ஒரு தூக்கு நிறைய டீயோடு.

"ஒங்கள மட்டுந்தானே அத்தை கூப்ட்டேன்?"

"எனக்கு ஒண்ணு அனுப்புனா அது தெருவுக்கே அனுப்புனதுதான். இன்னுமா ஒனக்கு வெளங்கல? அந்த மெசினுக்கே வெளங்கிடுச்சு."

பத்து மணி பஸ்ஸில் நவாஸ் வந்து சேர்ந்தான். அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தார்ப்பாயைப் பிடிக்கச் சொன்னோம். அதுவும் தெரியவில்லை. "மீசைய டெஸ்ட் பண்ணிட்டியாடா?" என்று மலர் கேட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாக.

மத்தியானத்துக்கு மேல் முடிந்தது. நெல் ஈரம், ஆனால் நெல்லாகவே இருக்கிறது.

அம்மா வரப்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மடியில் போட்டாள். "உளுந்து வெத கேட்டு எஸ்எம்எஸ் வர ஆரம்பிச்சுடுச்சு. ஒன் மில்லுல போடு."

"கீழ குவியறத நீதாம்மா படிக்கணும்."

"எனக்குக் கண்ணு வலிக்குது. நீயே படி."

போட்டேன். பட்டியலுக்குக் கீழே முதலில் வந்து விழுந்தது அத்தையுடையது: "அக்கா போன வருசம் மாதிரியே நம்ம தெருவுக்கு." எவ்வளவு, யாருக்கு, ஒன்றும் இல்லை. போய்த்தான் கேட்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. ரீப்ளேஸைக் கூப்பிட்டேன். கீழ்க்குவியலின் தலைப்பில் "அம்மா" இருந்த இடத்தில் "கயல்".